தொட்ட இடம்

கண்ணை மூடிக்கொண்டு வலது கையை மேசைமேல் நீட்டினாள்.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பெரிய பொட்டளவு வெளுப்பு.

மூன்று மாதமாக யாருக்கும் தெரியாது. முந்திரி ஆலையில் எல்லாப் பெண்களும் சேலைக்குமேல் ஒரு பழைய ஆண் சட்டை போட்டுக்கொண்டுதான் கொட்டை உடைப்பார்கள். சட்டைக் கை மறைத்துக்கொண்டது.

அவளே அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

தொட்டு, ஒன்றும் தெரியாமல் போய்விட்டால்?

"இந்த நூலால தொடுவேன். தொட்ட இடத்த விரலால காட்டணும். கண்ணத் தொறக்கப்பிடாது, கேட்டியளா," என்றாள் பரிசோதனைக்கு வந்திருந்த சிஸ்டர்.

போன வருஷம் இதே மேசையில், கூட வேலை பார்த்த ஜெபமணிக்கு நூல் பட்டது தெரியவில்லை. தொழுநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் குணமாகித் திரும்பி வந்தாள். வரிசையில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. நாலாம் நாள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

முதலில் தன் உட்காரும் பலகையை நகர்த்திப் போட்டவள் இவள்தான்.

சிஸ்டர் கையில் கண்ணாடி வளையல்கள்.

கிலுங்கின.

விரலால் வெளுப்பைக் காட்டினாள்.

மறுபடியும் கிலுங்கின. காட்டினாள்.

மூன்றாவது தடவை. உடனே காட்டினாள்.



"அக்கா, நான் இப்போ மூக்குக் கண்ணாடியல்லா சரி பண்ணுனேன்," என்றாள் சிஸ்டர்.



முதல் இரண்டு தடவையும் நூல் பட்டதா? அவளுக்கே தெரியவில்லை. காது மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

வளையல்களைக் கழற்றி மேசையில் வைக்கும் ஓசை.

"பயப்படாண்டாம். தெரியலைன்னா பேசாம இருங்க. மருந்து இருக்கு."

மருந்து இருக்கிறது. வரிசையில் இடம் இருக்காது.

இனி பொய் சொல்லவும் வழியில்லை.

வெளியே நாற்பது கட்டைகள் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை.

இன்னும் காத்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்து ஒரு எறும்பு கையில் ஊர்ந்தது. சட்டென்று தட்டிவிட்டாள்.

விரலில் நூல் மாட்டியது.

"பிச்சுப் போடாதீங்கக்கா, என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

சிஸ்டர் குரலில் சிரிப்பு இருந்தது. கண்ணைத் திறக்கலாமா என்று தெரியாமல் மூடியே இருந்தாள்.

சூடான ஒரு குழாய் பட்டது. சூடு என்றாள். குளிர்ந்த குழாய். தண்ணென்று இருக்கு என்றாள். ஊசி முனை. சொல்ல நேரமில்லாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"கொட்டையெண்ணெ பட்டு வெளுத்துருக்கு. வேற ஒண்ணுமில்ல. போங்க."

எழுந்தாள். மேசையைப் பிடித்து நின்றுவிட்டு நடந்தாள்.

வரிசைக்கு வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டாள். கட்டையை எடுத்தாள்.

ஐந்தாவது கொட்டையில் எண்ணெய் தெறித்தது. மணிக்கட்டில்.

"ஏட்டி, சாம்பல அள்ளிப் போடு. பொத்துப் போவும்," என்றாள் பக்கத்துப் பலகை லில்லிபாய்.

சாம்பல் சட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

கொஞ்ச நேரம் எரியவிட்டாள்.