மறுபடியும் பத்து

"விட்டுத் தொலையேண்டா பாவி! இன்னும் எத்தனை நாளைக்குத்தான் என் உயிரை வாங்குவே?"

நோலீன் போட்ட சத்தத்தில் மகன் டாரில் தன் அறையிலிருந்து ஓடி வந்தான். அப்பா கீத் பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அம்மாவின் பொறுமை இன்றைக்குப் போய்விட்டது என்றே நினைத்தான்.

"அப்பாவையாம்மா திட்டுறே?"

"அவரை எதுக்குடா திட்டப்போறேன்? அவர் பாட்டுக்குத் தூங்குறார். இந்தப் படுபாவியைச் சொல்றேன்."

சமையலறை மேசையில் டேப்லெட். திரையில் ஓடும் ஆன்லைன் ஏலத்தில் துணி காயவைக்கும் டிரையர். விலை ஒன்பது டாலர் இருபது சென்ட்.

வெளியே பர்னி ஊரின் ஜூலை மாதக் குளிர்கால மழை. கீத்தின் படுக்கை விரிப்பை ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது. வியாழக்கிழமை துவைத்தது இன்னும் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அலமாரியில் மிச்சம் ஒரே ஒரு விரிப்புதான்.

ஒன்பது டாலருக்கு டிரையர் என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? ஆனால் ஒரு தடவை ஏலம் கேட்க ஒரு டோக்கன், டோக்கன் அறுபது சென்ட். யார் தட்டினாலும் விலை ஒரு சென்ட் ஏறும், கடிகாரம் மறுபடியும் பத்து நொடிக்குப் போகும். அது பூஜ்யமாகும்போது கடைசியாகத் தட்டியவருக்குத்தான் பொருள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நாலு வருஷத்துக்கு முன்னால், சேர்ந்த முதல் வாரமே நோலீனுக்கு மூன்று டாலரில் ஒரு கெட்டில் விழுந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அதற்கப்புறம் ஒரு டீஸ்பூன்கூட வீடு வந்து சேரவில்லை.

"இதுவரைக்கும் தட்டின காசுக்கு, கடையிலயே ரெண்டு டிரையர் வாங்கியிருக்கலாம்மா." டாரில் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். கட்டைவிரல் அதன்மேலேயே இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் குளிக்கப் போனாலும் அதைக் கீழே வைப்பதில்லை.

"அதனாலதான் விட முடியலைங்கிறேன். இப்ப விட்டா அவ்வளவும் தண்டம்." பட்டென்று தட்டினாள். "ஞாயித்துக்கிழமை, மழை வேற, ஊரே டிவியில ஃபுட்டி மேட்ச் பாக்குற நேரம். ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு கணக்குப் போட்டுத்தான் உக்காந்தேன். எல்லாரும் போயாச்சு, இந்த 'டெவில்' மட்டும் போகமாட்டேங்குறான். மூணு வாரமா நான் எதைத் தொட்டாலும் வந்து குறுக்க நிக்கிறான். பேருக்கேத்த பிசாசு!"

டாரில் சிரித்துவிட்டான். டீ போடலாம் என்று ஒரு கையால் கெட்டிலை எடுத்துக் குழாயடியில் பிடித்தான்.

"டோக்கன் எத்தனை மிச்சம்?"

"பன்னெண்டு. உன் முதல் சம்பளத்துலதான் நூறு வாங்கினேன். எட்டு மாசம் அலைஞ்சு கிடைச்ச வேலை, அந்தக் காசு ராசியா இருக்கும்னு பாத்தேன்." சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்திருந்த வங்கி அட்டையை விரலால் தட்டினாள். "தீந்துபோனா இது இருக்கு."

"அது அப்பா மாத்திரைக்கு வெச்சதும்மா!"

"தெரியும்டா. ஒரு நாளாவது அந்த மனுஷன் காஞ்ச விரிப்புல படுக்கட்டும்னுதான் பாக்குறேன்." மறுபடி தட்டினாள். "போச்சு, பதினொண்ணு."

டாரில் பேச்சை மாற்றினான். "ஆமா, நீ அதுல என்ன பேர் வெச்சிருக்கே?"

"ரோசெல்லா. நம்ம வேலியில வந்து உக்காருமே, அந்தக் கிளி."

கெட்டில் நிரம்பி வழிந்தது. டாரில் குழாயை மூடவில்லை.

"தண்ணி போகுது பாரு! எங்கடா பராக்குப் பாக்குறே?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "டேய், அவன் தட்டலைடா."

ஏழு. ஆறு. நோலீன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷத்தில் இப்படி ஒரு மௌனத்தை அவள் பார்த்ததில்லை.

டாரில் கையிலிருந்த போன் அடித்தது.

"யாருடா இந்த நேரத்துல?"

"பிராடி... மேனேஜர்." அவன் முகம் வெளுத்திருந்தது. தன் அறைக்குள் ஓடினான்.

"கடவுளே, கடவுளே..." நோலீன் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று. இரண்டு. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது கடிகாரத்தில் மறுபடியும் பத்து.

"நாசமாப் போவான்!" என்று வாய்விட்டு அழுதாள்.

அந்தச் சாபம் சாத்திய கதவைத் தாண்டி உள்ளேயும் கேட்டது. டாரில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க கத்தின பயத்துல இந்தத் தடவை தட்டிட்டேன், பிராடி. இனிமே 'டெவில்' பேருல என்னால தட்ட முடியாது. இந்த ஒரு டிரையரை விட்டுடலாம். நம்ம கம்பெனியில அந்தப் பேருல எத்தனையோ பேர் தட்டுறோம், நான் மறிக்கிற அந்த ரோசெல்லா எங்க அம்மான்னு இப்பதான் தெரிஞ்சுது. அவங்க கையில இன்னும் பதினோரு டோக்கன்தான் இருக்கு."

"அது இங்கயே தெரியுது, டாரில். அவங்க அட்டையில எவ்வளவு இருக்கு?"