புகார் போன்

“சாயங்காலத்துக்குள்ள அந்தப் புகார் போன் வேலை செய்யோணும் அங்கமுத்து. பாவம், பொண்ணுங்க அவிய கொறைய யாருகிட்டப் போயிச் சொல்லுவாங்க?”

மேனேஜர் தங்கசாமி வெற்றிலைச் சாற்றைக் குப்பைக்கூடையில் துப்பிவிட்டுத் தன் அறைக்குப் போனார். புதிதாகக் கேட்பவர்களுக்கு அந்த அக்கறையில் கண்ணே கலங்கியிருக்கும். கிளார்க் அங்கமுத்து அந்தக் குப்பைக்கூடையைக் காலால் தள்ளி வைத்தான்.

பரமத்தி வேலூர் ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லில் வேலை செய்யும் பெண்களுக்கு மில் ஹாஸ்டலில்தான் ஜாகை. அவர்கள் பயமில்லாமல் குறை சொல்வதற்காக, நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி பிடிவாதம் பிடித்து ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில் ஓர் இன்டர்நெட் போன் வைக்கச் சொல்லியிருந்தது. பொத்தானை அழுத்தினால் பெங்களூரில் இருக்கும் அந்தக் கம்பெனியின் புகார் மையத்துக்குப் போக வேண்டும். முந்தாநாள் இடியில் மில்லின் போன்களை இணைக்கும் சர்வர் போய்விட்டதால், புதிது வைக்க நாமக்கல்லிலிருந்து சிவக்குமார் வந்திருந்தான்.

“மத்த போனெல்லாம் பேசுதுங்க. புகார் போன்லதான் ஒரு சந்தேகம்,” என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான் அவன். “சர்வருக்கு வெறும் பேரு பத்தாதுங்க. அந்தப் பேருக்கு முகவரி என்னன்னு டிஎன்எஸ்ங்கற முகவரிப் பட்டியல்ல கேட்டுட்டுத்தான் போகும். பழைய சர்வரோட பேக்கப்ப எடுத்துப் பாத்தேன். பெங்களூர்ப் பேரக் கேட்டா, இந்த மேசைக் கம்ப்யூட்டரோட முகவரியச் சொல்ற மாதிரி யாரோ ஒரு வரி எழுதி வெச்சிருக்காங்க.”

“நாந்தானுங்க எழுதுனேன். மேனேஜர் எழுதச் சொன்னாரு.”

“அப்ப அந்தப் பொண்ணுங்க பெங்களூருக்குப் பேசறதா நெனச்சுட்டு...”

“எங்கிட்டத்தான் பேசுவாங்க.”

சிவக்குமார் அழுக்கைத் தொட்டவன் மாதிரி கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

அங்கமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. பெங்களூர்க்காரர்கள் சொல்வதை அப்படியே பாடம் பண்ணி, “வணக்கம், தொழிலாளர் புகார் மையம், சொல்லுங்க” என்று ஹெட்செட்டில் குழையும் தன் குரல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. அதைவிடக் கேவலம், பேசி முடித்ததும் எழுந்து போய் மேனேஜரிடம் ஒப்பிப்பது.

கடைசியாகப் பேசியவள் கோகிலவாணி. சோற்றில் புழு நெளிகிறது, நைட் ஷிஃப்டில் சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுக்கிறான் என்று அழுதாள். “எங்க மேனேஜருக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்க சார்,” என்றாள். அவள் கண்ணைத் துடைப்பதற்குள் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளை ஹாஸ்டல் மாடியில் பூட்டி வைத்திருக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசவும் விடவில்லை.

“அந்த வரிய நான் எழுத மாட்டேனுங்க,” என்றான் சிவக்குமார்.

“நீங்க எழுத வேண்டாம், நான் பாத்துக்கறேன். போயிச் சாப்பிட்டுட்டு வாங்க.”

“நீங்க உப்புப் போட்டுத்தான் சாப்பிடறீங்களா?” என்று கேட்டுவிட்டு அவன் வெளியே போனான்.

அங்கமுத்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து வராந்தாவுக்கு வந்து, “முடிஞ்சுதுங்க, கூப்பிட்டுப் பாருங்க,” என்று எதிர் அறையிலிருந்த மேனேஜருக்குக் குரல் கொடுத்துவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டு, தன் மேசைப் போனிலும் இருந்த புகார் மையப் பொத்தானை அழுத்தினார். வராந்தா முழுக்கக் கேட்டது.

“வணக்கம், தொழிலாளர் புகார் மையம், சொல்லுங்க.”

மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அடேயப்பா, கொரல என்னமா மாத்தறே. நாந்தான்டா, தங்கசாமி. அந்தக் கோகிலவாணிப் புள்ள பேசுனது எங்கியும் பதிவு இருக்கப்படாது, அழிச்சுப்போடு. அவ பூட்டுன ரூம்லயே கெடக்கட்டும். புழுச்சோறு தின்னு பழகுனாத்தான் மத்தவளுகளும் வாய மூடுவாளுக. இனி எவ பேசுனாலும் மொதல்ல பேரக் கேட்டு எங்கிட்டச் சொல்லு.”

அங்கமுத்து ஹெட்செட்டை எப்போதோ கழற்றி மேசைமேல் வைத்திருந்தான்.

ஸ்பீக்கரில் அந்தக் குரல் நிதானமாகக் கேட்டது:

“சார், நான் பெங்களூர்ல இருந்து பேசறேன். அந்தப் பொண்ணு இப்ப எந்த ரூம்ல இருக்காங்க?”