பாட்டுக்குள்ளே ஒரு ‘ஙொய்ய்’

“இன்னா மணி, கேக்குதா?” சிவப்பிரகாசம் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

ஸ்பீக்கரில் பாட்டோடு சேர்ந்து ‘ஙொய்ய்’ என்று ஒரு கத்தல் ஏறியது. காலை எடுத்ததும் இறங்கியது.

“கேக்குதுண்ணே” என்றான் மணிவண்ணன். வில்லியனூரில் கார் செட் மாட்டும் கடை வைத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

“இது மூணாவது தடவ. சாயந்திரம் பாகூர்ல கூட்டம். இன்னிக்கும் இந்தச் சத்தம் போவலன்னா செட்டைக் கழட்டி உன் வாசல்லயே வெச்சிட்டுப் போயிடுவேன். அப்புறம் எவன் உன்கிட்ட வண்டி வுடறான்னு பாக்கறேன்.”

செய்யக்கூடியவர்தான். குருவிநத்தத்துக் கரும்புக்காரர். தாயத்து, மந்திரம் எல்லாம் ஏமாத்து வேலை என்று மேடைதோறும் முழங்குகிறவர். அவர் வாயில் விழுந்த பேர் எழுந்திருக்காது.

“கத்தாதீங்க. அவரு பாக்கறாருல்ல” என்றாள் மனைவி தனக்கொடி, கடை ஸ்டூலில் இருந்தபடி.

“நீ பேசாத. வண்டி முன்னால எலுமிச்சம்பழம் கட்டினியே, அறுத்துப் போட்டேன். அதோட ஆவிதான் உள்ள கத்துது!”

அவள் முகம் சுருங்கிவிட்டது.

மணிவண்ணன் போன தடவையே வயரெல்லாம் மாற்றிவிட்டான். எர்த் வயரை மட்டும் தொடவில்லை. தன் கையால் முடுக்கியதாயிற்றே என்ற நம்பிக்கை. இப்போது அவரை இறங்கச் சொல்லி, டிரைவர் சீட்டுக்கடியில் கால்மிதியைத் தூக்கி, போல்ட்டைக் கழற்றினான்.

வயருக்கும் வண்டி இரும்புக்கும் நடுவே மஞ்சள் துணியில் சுற்றிய மந்திரத் தகடு. துணி தடுத்தால் எர்த் எப்படிப் பிடிக்கும்?

தனக்கொடியைத் திரும்பிப் பார்த்தான். பழத்துக்கே அந்தப் பேச்சு. இதைக் காட்டினால் அவன் பேர் தப்பிக்கும், அந்த அம்மா?

தகடு உள்ளங்கைக்குள் போயிற்று. போல்ட்டை இறுக்கினான். ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தான்; கத்தல் இல்லை.

“இன்னாடா கோளாறு?”

“எர்த்து லூசுண்ணே. நான் சரியா முடுக்கல. என் தப்புதான்.”

“கேட்டியா தனம்? இவனெல்லாம் கடை வெச்சிருக்கான்!”

அவனுக்குக் காது சுட்டது. கையை இன்னும் இறுக மூடிக்கொண்டான்.

தனக்கொடி எதிர்க்கடைக்குப் பூ வாங்கப் போனாள். சிவப்பிரகாசம் அவசரமாகக் குனிந்து கால்மிதிக்கடியில் துழாவினார். நிமிர்ந்து அவன் மூடிய கையைப் பார்த்தார்.

“குடு அத.”

“அண்ணே, அண்ணி தெரியாம வெச்சிருப்பாங்க. திட்டாதீங்க...”

“குடுடா.”

கொடுத்தான். வாங்கியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஏரிக்கரையில வண்டி சறுக்கினதுலேர்ந்து ஸ்டீரிங்கத் தொட்டாலே கை நடுங்குதுடா. உன் பேர நான் பாத்துக்கறேன்.”

எதிர்க்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“செட்டு கத்தாத எடமா பாத்து இதைக் கட்டு. அவ வர்றதுக்குள்ள!”