வாய்க்கால் கரைக்கு வந்த சைக்கிள்

ஒரு சைக்கிள் வாய்க்கால் கரையோரமாக ஊர் சுற்ற வந்தது. லாரி இல்லை, பஸ் இல்லை. துள்ளும் மீன்களைப் பார்த்துக்கொண்டே ஜாலியாக உருண்டது. திடீரென்று பிரேக் அலறியது. சக்கரத்துக்கு ஒரு விரற்கடை முன்னால், நடுப்பாதையில் ஒரு நத்தை.

பயத்தில் ஓட்டுக்குள் சுருண்ட நத்தை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையை நீட்டியது. "ஏன் அண்ணே, உயிரே போயிருக்குமே. ஒரு மணி அடிச்சா என்ன?"

சைக்கிள் ஓர் அடி பின்னால் உருண்டு நின்றது. "போக்குவரத்தே இல்லாத பாதைன்னு சொன்னாங்க தாயி. அதான் மணியைக் கழற்றி வீட்டிலேயே வச்சிட்டு வந்தேன்."

நத்தை திகைத்துப்போய், தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. அது ஊர்ந்த ஈரக்கோடு கரையோரத்திலிருந்து நடுப்பாதை வரை மின்னிக்கொண்டிருந்தது.

"போக்குவரத்தே இல்லையா? அப்போ விடிஞ்சதிலேருந்து நான் என்ன அண்ணே பண்ணிக்கிட்டிருக்கேன்?"