வேப்பிலைத் தண்ணீர்

மாதவி என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் கூடாரத்தின் கீழ் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிள்ளான் சொந்தம் மொத்தமும் வந்திருந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணின் காரியத்துக்கு யார்தான் வராமல் இருப்பார்கள்.

மாதவி என் நாத்தனார். போனது அவளுடைய ஒரே மகள் துர்காஷினி.

"அண்ணி, நீங்க அண்ணனுக்குக் குடுத்த மாதிரியேதான் நானும் குடுத்தேன். குளிச்சிட்டு, வெறும் வயித்துல. அண்ணனுக்கு நல்லாச்சி. நான் எதுல கொறை வச்சேன், சொல்லுங்க."



மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஜீவனுக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. சுங்கை வே ஃபாக்டரியில் சூப்பர்வைசர், ஒரு நாள் லீவு போடாத மனுஷன். கூட வேலை செய்கிறவன் செய்வினை வைத்துவிட்டான் என்றார். சோற்றில் விஷம் என்றார். நான் ஒரு வாய் தின்று காட்டினால்தான் தட்டைத் தொடுவார். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை ஜன்னல் வழியாக விட்டெறிந்தார். நான் என்ன பைத்தியமா என்று கேட்டார்.

மேருவில் ஓர் அம்மன் கோயில் பூசாரி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மந்திரித்துக் கொடுத்தார். தினமும் காலையில் ஒரு டம்ளர். மாத்திரை கூடாது, இரண்டும் ஒத்துக்கொள்ளாது என்றார். அந்தத் தண்ணீரை மட்டும் ஜீவன் மறுபேச்சில்லாமல் குடித்தார். என்னைக் குடித்துக் காட்டச் சொன்னதே இல்லை.

நான் சும்மா இருப்பேனா. மாதாமாதம் கிளினிக்கில் போய் நிற்பேன். அவருக்கு வேலை, மருந்து மட்டும் எடுக்க வந்தேன் என்பேன். மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி அந்தத் தண்ணீரில் போட்டுக் கலக்குவேன். தாயே, மன்னித்துக்கொள் என்று ஒரு கும்பிடு. வேப்பிலைக் கசப்போடு கசப்பாக அதுவும் உள்ளே போய்விடும்.

இரண்டு மாதத்தில் மனுஷன் தெளிந்தார். வேலைக்குப் போனார். பேர் முழுக்க அம்மனுக்கு. நன்றிக்குப் பால்குடம் எடுத்தார், நானும் பின்னாலேயே நடந்தேன். எங்க அண்ணன் மாத்திரையத் தொடவே இல்லலா, தீர்த்தத்துலயே நல்லாயிட்டாரு என்று மாதவி ஊரெல்லாம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். என்னைப் போலக் கெட்டிக்காரி உண்டா என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. பாவி நான்.

போன வருஷக் கடைசியில் துர்காஷினிக்கும் அதே மாதிரி ஆரம்பித்தது. காலேஜை விட்டுவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதவி எனக்கு போன் போட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்.

அண்ணன் உண்மையிலேயே மாத்திரை எதுவும் எடுக்கவில்லைதானே?

ஜீவன் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தால் அன்றோடு தண்ணீரையும் நிறுத்திவிடுவார். மறுபடியும் அந்தக் குரல்கள், அந்தச் சந்தேகம். இன்னொரு முறை என்னால் முடியாது. எதற்கும் மாத்திரையை விடாதே மாதவி என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை. எடுத்தாரா இல்லையா, அதைச் சொல்லுங்க என்றாள்.

இல்லை என்றேன். மறுநாளே பிள்ளைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரைக் கொடுக்க ஆரம்பித்தாள்.

பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் இருக்கிற கிள்ளான் என்ன கடல் கடந்தா இருக்கிறது? அடுத்த வாரம் சொல்வோம், தைப்பூசம் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்குள் யாரோ துரத்துகிறார்கள் என்று வீட்டை விட்டு ஓடிய பிள்ளை, மெயின் ரோட்டில் லோரிக்குக் குறுக்கே போய்விட்டாள்.

வீட்டில் தீட்டு கலந்திருக்கும் என்று பூசாரி சொல்லிவிட்டாராம். சொந்தக்காரர்களும் அதையே மென்றுகொண்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் இவள் சாகிற வரைக்கும் தன்னையே நொந்துகொள்வாள். திறந்தால் இவள் மகளைக் கொன்றவள் நான். ஜீவனும் எனக்கு இல்லாமல் போய்விடுவார்.

போகட்டும் என்று துணிந்தேன்.

"மாதவி, அந்தத் தண்ணியில..."

"மாத்திரை இருந்திச்சி" என்றார் ஜீவன்.

கதவோரம் காலி ரச வாளியோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்துப் பேசினார்.

"உன் மேல ஒரு கொறையும் இல்லமா. உங்க அண்ணி தெனம் கலந்துதான் குடுத்தா. மொத வாரத்துலயே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில மூணு வாரம் தின்ன மாத்திரை, அந்தக் கசப்பு எனக்குத் தெரியாதா?"

சிங்க்கைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வருஷமாக இந்த மனுஷன் தெரிந்தேதான் குடித்திருக்கிறார்.

"சாமி தண்ணின்னு குடிச்சா நான் பைத்தியம் இல்ல, அவ்ளோதான். இவ போன்ல இல்லன்னு சொன்னப்ப நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எந்திரிச்சி வந்து சொல்ல வெக்கமா இருந்திச்சி."

வெளியே யாரோ ரசம் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அவர் அசையவில்லை.

மாதவி அழவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு பேருக்குமே தெரியும்" என்றாள்.