வாறன்

"சரி... நான் வாறன்" என்றான் ஜீவராஜ். அத்தோடு சத்தம் நின்றுவிட்டது.

ஹிஷாம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். சார்ஜ் முற்றாக இறங்கித் திரை கறுத்துக் கிடந்தது. ஜீவராஜ் வைத்த பிறகு போன் செத்ததா, அதற்கு முன்பே செத்ததா என்பதுகூடத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது, சித்திரை மாதம். நோர்வேயின் பள்ளத்தாக்குகளில் பூப்பூத்தாயிற்று; மலைக்கு மேலே வசந்தம் கலண்டரில் மட்டும்தான் வந்திருந்தது. கட்டிலும் அடுப்பும் உள்ளேயே கொண்ட அவனுடைய பழைய வீட்டு வண்டி, வளைவில் வழுக்கிப் பள்ளத்துக்குள் சரிந்து கிடந்தது. உடைந்த பக்கக் கண்ணாடி வழியாகப் பனி உள்ளே கொட்டியது. எஞ்சின் கிளம்பவில்லை, அடுப்புக் கேஸும் முடிந்துவிட்டது.

அவசர உதவிக்குத்தான் முதலில் அடித்தான். கீழே ஏழு வாகனங்கள் மோதிக் கிடக்கின்றன, உங்களிடம் வர இரவாகும் என்றார்கள். இரவுவரை உடம்பு தாங்காது என்று விறைத்த விரல்களே சொல்லின. அதனால்தான் ரோசத்தை விழுங்கிவிட்டு, மூன்று கிழமையாகக் கதைக்காத ஜீவராஜுக்கு அடித்தான்.

ஹிஷாம் கல்முனைக்குடிக்காரன். மனைவி முஸ்பிறாவையும் மகளையும் சுனாமி கொண்டுபோன நாளிலிருந்து கடலுக்குப் பக்கத்தில் அவனுக்கு உறக்கமில்லை. நோர்வேக்கு வந்த பிறகும், லீவு கிடைத்தால் தன்னந்தனியாக வண்டியை மலைக்கு ஓட்டிவிடுவான். சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதையாகிவிட்டது.

ஜீவராஜ் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவன். முஸ்பிறாவின் ஜனாஸாவைத் தேடி மூன்று நாள் ஹிஷாமோடு சேறு மிதித்து அலைந்தவன். இருவரும் ஒன்றாகத்தான் இந்த நாட்டுக்கு வந்தார்கள். இப்போது அவன் இருப்பது மலையடிவாரத்தில், இரண்டு மணித்தியால ஓட்டத்தில்.

அவனுடைய தங்கை தர்சினி வன்னியில் ஷெல்லடிக்குள் அகப்பட்டிருந்தாள். நகரசபைக்கு முன்னால் மெழுகுதிரி பிடிக்கிறோம், நீயும் வா என்று ஹிஷாமைக் கூப்பிட்டான். "அது உங்கட சண்டை மச்சான், நான் மலைக்குப் போறன்" என்று இவன் சொல்லிவிட்டான். அந்த 'உங்கட'வோடு இருவருக்கும் பேச்சு முறிந்தது.

இன்றைக்கும் அவன் குரலில் ஈரம் இருக்கவில்லை.

"எங்க நிக்காய்?"

"கல் பாலம் தாண்டி ரெண்டாம் வளைவு. வண்டி சரிஞ்சி போச்சி. குளிர் தாங்கேலா மச்சான்."

"வண்டி என்ன நிறம்?"

"வெள்ள."

"பனிக்குள்ள ஓடுறதுக்கு வெள்ள வண்டி. நல்ல புத்தி."

குத்திக் காட்டுகிறான் என்று ஹிஷாமுக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகுதான் அந்த 'வாறன்'.

எங்கள் பக்கத்தில் புறப்படுகிறவன் 'போறன்' என்று வாய் தவறியும் சொல்லமாட்டான். படியிறங்குகிறவனும் வாறன் என்பான், போனை வைக்கிறவனும் வாறன் என்பான். நோர்வேக்கு விமானம் ஏற முதல், முஸ்பிறாவின் கபுறடியில் நின்று ஹிஷாமும் அப்படித்தான் சொன்னான். நாலு வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை.

ஜீவராஜ் உண்மையிலேயே வருகிறான் என்றால் வண்டிக்குள் இருக்க வேண்டும். போனை வைப்பதற்குச் சொன்னது என்றால், வெளிச்சம் இருக்கும்போதே மேலே நடக்க வேண்டும். மூன்று கிலோமீற்றர் ஏறினால் மலையேறுகிறவர்கள் தங்கும் குடில் ஒன்று வரும். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் உயிர் ஊசலாடியது.

இரண்டு மணித்தியாலம் காத்திருந்தான். பனியில் மூன்றாகலாம் என்று மனதைத் தேற்றினான். யாசீன் ஓதினான், பாதியில் நாக்கு மரத்துப்போனது. மூன்றரை மணித்தியாலம் ஆன பிறகு கால் இரண்டும் தன்னுடையவை போலவே இல்லை.

"வரமாட்டான். நானெண்டாலும் வரமாட்டன்" என்று வாய்விட்டே சொன்னான். சொன்னதும் அழுகை வந்தது. கம்பளியைச் சுற்றிக்கொண்டு இறங்கி, மேலே நடந்தான்.

முழங்கால் வரை புதைந்தது. வைத்த அடியை அடுத்த காற்றே மூடியது. இரண்டாம் தடவை விழுந்தபோது எழும்ப மனம் வரவில்லை. யா அல்லாஹ், என்னையும் அண்டைக்கே அவங்களோட எடுத்திருக்கலாமே என்று பனியில் முகம் புதைத்துக் கேட்டான். பிறகு எப்படி எழுந்தான், எப்படிக் குடிலின் கதவைத் தட்டினான் என்பது அவனுக்கே ஞாபகமில்லை.

உள்ளே இருந்த வயதான தம்பதி அவனை இழுத்து அடுப்படியில் போட்டார்கள். கிழவி கம்பளி மாற்றிச் சூப் பருக்கினாள். கிழவர் அவனுடைய போனை வாங்கிச் சார்ஜில் போட்டுவிட்டு, வயர்லெஸ்ஸைக் காதில் வைத்துக் கேட்டார்.

"ஆயுசு கெட்டி உமக்கு" என்றார். "கொஞ்சம் முன்னால் கல் பாலத்தில் மலைப்பனி சரிந்து பாதையே மூடிப்போயிற்றாம். இந்தப் பக்கமும் இனிக் காலடி வைக்க முடியாது. நாளை மதியம் வரை அந்த வண்டியடிக்கு ஒருவரும் போகமுடியாது. அங்கேயே இருந்திருந்தால் விறைத்தே போயிருப்பீர்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் ஹிஷாம். ஜீவராஜை நம்பியிருந்தால் இந்நேரம் மையித்துத்தான் என்று நினைத்தபோது, நெஞ்சுக்குள் அவனை நன்றாக ஏசவும் செய்தான். சூடு ஏறஏற ஏச்சும் ஏறியது.

அப்போது போனுக்கு உயிர் வந்தது. வந்த உடனேயே அடித்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே, பல் கிடுகிடுக்க ஒரு குரல் கேட்டது.

"மச்சான், சோத்துப் பாசல் ஆறுது. உன்ட வண்டிக்குள்ளதான் இருக்கன், நீ எங்க போனாய்?"