இன்னும் முப்பது பக்கம்

"உங்க பொண்ணு வீட்டை விட்டுப் போயிடுவாளோன்னு எனக்குப் பயமா இருக்கும்மா."

பள்ளி நூலகத்தின் மூலை மேசையில் நூலக ஆசிரியை இதைச் சொன்னதும், எதிரே இருந்த அம்மாவுக்கு அதுவரை கண்ணைச் சொக்கிக்கொண்டிருந்த தூக்கம் கலைந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருந்தாள். விரல்களில் ஈரம் இன்னும் காயவில்லை.

ஆசிரியை பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்துக்கு வெளியே மாதம் இரண்டு புத்தகம் தாங்களே தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். பெற்றோர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அட்டையைக்கூடப் பார்க்காமல் போடுகிறவர்கள்தான் அதிகம். அது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

மற்ற பிள்ளைகள் துப்பறியும் கதை, பேய்க் கதை என்று அள்ளிக்கொண்டு போக, இவள் எடுத்ததெல்லாம் வேறு ரகம். பெற்ற பிள்ளைகளோடு பேச்சை நிறுத்திக்கொண்ட தாயின் கதை. நாற்பது வயதில் ரயிலேறிக் காணாமல் போன பெண்ணின் கதை. கடைசியாக எடுத்தது, எல்லாருக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டு, சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போகிறவளின் கதை.

"பதினஞ்சு வயசுல படிக்கிற புத்தகமா இதெல்லாம்? வகுப்புல கதையைச் சொல்லுன்னா முழிக்கிறா, மறைக்கிறா. ஆனா உள்ள பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கா. எந்த வரிக்குத் தெரியுமா? 'நான் இல்லாவிட்டாலும் இந்த வீடு நடக்கும்.' பக்கமெல்லாம் வேற ஈரம் பட்டுச் சுருங்கியிருக்கு. அழுதுக்கிட்டே படிச்சிருக்கா."

அம்மா தன் விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று ஆசிரியை தணிந்த குரலில் கேட்டார். லாரி ஓட்டும் கணவர் வாரத்துக்கு ஒருநாள் வருவார், படுத்த படுக்கையாக மாமியார், பெரியவளுக்குக் கீழே இரண்டு வாலுகள் என்று அம்மா வரிசையாகச் சொன்னாள்.

"பிரச்சினைன்னு ஒண்ணும் இல்ல டீச்சர். எல்லாரும் நல்லவங்கதான். வேலைதான் முடியவே மாட்டேங்குது."

ஆசிரியைக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளையின் நல்லதைப் பார்க்க வேண்டுமே. வருஷம் முடியும்வரை இவளது நூலக அட்டையை நிறுத்தி வைக்கப்போவதாகச் சொன்னார்.

அம்மா பதறிப்போனாள். "கார்டை மட்டும் நிறுத்திடாதீங்க டீச்சர். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

பிள்ளையின் படிப்பு மேல் இவ்வளவு அக்கறையா என்று ஆசிரியை மனம் இளகிவிட்டார். ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் புத்தகத்தை அம்மாதான் தேர்ந்தெடுக்க வேண்டும்; முதலில் தான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மகளிடம் கொடுக்க வேண்டும்.

"உங்களுக்கு நேரம் இருக்காதுன்னு தெரியும். பஸ்ல வரும்போது பத்துப் பக்கம் பார்த்தாக்கூடப் போதும். கொஞ்சமாவது வாசிச்சுப் பழகுங்கம்மா."

"பார்க்கிறேன் டீச்சர்" என்று அம்மா, ஆசிரியை மகளிடமிருந்து வாங்கி வைத்திருந்த அந்தக் கடைசிப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் காத்திருந்த மகள் கூடவே நடந்தாள். பேருந்தில் அதிசயமாக இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது.

இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு மகள் வாயைத் திறந்தாள். "டீச்சர் எவ்வளவோ கேட்டாங்க. நான் எதையும் சொல்லலம்மா."

"தெரியும்டி" என்ற அம்மா, பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, தான் மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தாள். ஈர விரல் பட்டுப் பட்டு அதன் ஓரம் சுருங்கியிருந்தது. பென்சிலைத் தேடிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மகள் அம்மாவின் பையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியில அவ வீட்டுக்குத் திரும்பி வந்துடுவாளாம்மா?"

"தெரியலடி. இன்னும் முப்பது பக்கம் இருக்கு."